மழை நின்று போகும் சந்து

செமாராங், 12 மார்ச்

அன்புத் தங்கை வினார்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மாவும் நானும் நலம். அம்மாவுக்கு மழைக்காலம் வந்தால் முழங்கால் குடையும், இப்போது பரவாயில்லை. உனக்கு ஹாங்காங்கில் குளிர் விட்டதா? நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியவர் இப்போதாவது கஞ்சியைத் துப்பாமல் குடிக்கிறாரா?

போனில் பேசச் சொல்கிறாய். நான் 'ந' என்று ஆரம்பித்து 'நலம்' என்று முடிப்பதற்குள் உன் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். பேனாவுக்குத் திக்குவாய் இல்லை. அதனால் இப்படியே இருக்கட்டும்.

போன வாரம் மறுபடி வெள்ளம். மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் நம் சந்தை ஆறாக்கிக்கொண்டு போய்க் கடைசி வீட்டில் நுழைந்தது. வழக்கம்போல அந்த வீட்டுப் பெரியவர் பாக் சுமாடியைப் பிரம்பு நாற்காலியோடு தூக்கித் தொழுகைக் கூடத்தில் வைத்தோம். பக்கவாதம் வந்ததிலிருந்து வருஷா வருஷம் இந்தச் சவாரி. தூக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். நம் வீட்டுக்கு ஒன்றும் இல்லை. உன் டைல்ஸ் வாசலில் ஒரு சொட்டுகூடத் தங்கவில்லை, வழுக்கிக்கொண்டு கீழே போய்விட்டது.

இன்னொரு செய்தி. என்னைச் சந்துத் தலைவராக்கிவிட்டார்கள். யாரும் முன்வரவில்லை. "வார்டோயோவப் போடுங்கப்பா, எதிர்த்துப் பேச மாட்டான்" என்று மேல்வீட்டு பாக் குன்தோரோ சொன்னார். எல்லோரும் சிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள். நான் முடியாது என்று சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். வஸ்ஸலாம்.
உன் அண்ணன்,
வார்டோயோ


ஹாங்காங், 8 ஏப்ரல்

மதிப்பிற்குரிய சந்துத் தலைவர் அண்ணா அவர்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தை விக்டோரியா பூங்காவில் உட்கார்ந்து படித்தேன். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்த என் தோழி யூலியாத்திக்குப் புரையேறிவிட்டது. அம்மாவின் காலுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். கோழிக்குத் தடவிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள், போன தடவை அதைத்தான் செய்தார்கள்.

டைல்ஸ் பற்றி எழுதியதற்கு நன்றி. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். என்னைப் பெண் கேட்டு சலாதிகாவிலிருந்து வந்தவர்கள் நம் வாசல் சேற்றில் நடக்க முடியாமல் தடுமாறினார்கள். மாப்பிள்ளையின் அம்மா செருப்பு புதைந்து, வெறுங்காலோடு உள்ளே வந்தார். கால் கழுவத் தண்ணீர் ஊற்றினேன். "இந்த வீட்டுல பொண்ணு எடுத்தா நம்ம பையன் படகுலதான் வரணும்" என்று அவர் தன் தங்கையிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் நான் காலடியில் உட்கார்ந்திருந்தேனே. அடுத்த வருஷம் நான் இங்கே வந்தேன். முதல் காரியமாக அந்த வாசலுக்கு டைல்ஸ் போடச் சொன்னேன். நீலப் பூப்போட்டதை நானே படம் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

இன்னும் என் காலால் அதை மிதித்துப் பார்க்கவில்லை அண்ணா. வெள்ளிக்கிழமைதோறும் சோப்புப் போட்டுத் துடைக்கச் சொல்லுங்கள்.

தங்கள் குடிமகள்,
வினார்சி


செமாராங், 20 மே

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். நோன்பு தொடங்கிவிட்டது. உனக்கு அங்கே நோன்பு பிடிக்க விடுகிறார்களா? பலவீனமாக இருந்தால் அடம் பிடிக்காதே, பிறகு ஈடு செய்துகொள்ளலாம்.

நகரசபையிலிருந்து இபு ரெத்னோ என்ற பொறியாளர் வந்தார். இளம்பெண். தலையில் ஹெல்மெட்டும் காலில் சேறுமாக நம் சந்தை மேலும் கீழும் நடந்து அளந்தார். பிறகு நம் வீட்டு முன்னறையில் என் முடிதிருத்தகத்தில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். பாதி குடித்துவிட்டு மீதியை வாசலில் ஊற்றினார். ஊற்றிய தண்ணீர் சாக்கடையை எட்டும்வரை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பாத்தீங்களா? காட்டுல மழை பெஞ்சா தண்ணி ஓடாது, மொதல்ல நிக்கும். வேரு குடிக்கும், மண்ணு குடிக்கும், மிச்சந்தான் ஓடும். உங்க சந்துல அதுக்கு நிக்க இடமே இல்ல. எல்லா வாசலும் சிமென்ட்டு. எல்லாத் தண்ணியும் ஒரே ஓட்டமா கடைசி வீட்டுக்குப் போகுது" என்றார்.

அவர் திட்டம் இது. சந்தின் இரு பக்கமும் ஒவ்வொரு வீடும் வாசலில் ஒரு மீட்டர் விட வேண்டும். அங்கே தரையைவிடத் தாழ்வாகத் தோண்டி, அடியில் ஜல்லி, மேலே மணல் கலந்த மண், அதில் கல்வாழை, சேம்பு, எலுமிச்சைப் புல். இடையிடையே ஆழமான துளை போட்டு, அதில் காய்ந்த இலையை அடைத்தால் மண்புழு வந்து மண்ணைத் தளர்த்தும். நடுவழிக்கு ஓட்டை விட்ட கல் பதித்து, ஓட்டைக்குள் புல். செலவு நகரசபையுடையது, வேலை நம்முடையது.

ஒரு மாலை நோன்பு திறந்த பிறகு பாக் குன்தோரோ வீட்டில் கூட்டம் போட்டேன். இபு ரெத்னோ எல்லாம் விளக்கினார். ஒரே கூச்சல். "கார எங்க நிறுத்துறது?" "கொசு வரும்!" "வீட்டு முன்னாடி குழி வெட்டினா மருமக கோவிச்சுக்குவா!" கடைசியில் பாக் குன்தோரோ எழுந்து, "தலைவர் மொதல்ல அவரு வாசல உடைக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார்.

கடைக்கு முடிவெட்ட ஆள் வந்துவிட்டார். பிறகு எழுதுகிறேன்.

வார்டோயோ


ஹாங்காங், 17 ஜூன்

அன்புள்ள அண்ணா,

பெருநாள் வாழ்த்துகள். என் பிழைகளை எல்லாம் உள்ளும் புறமும் மன்னியுங்கள். அம்மா கையைப் பிடித்து என் சார்பில் முத்தமிடுங்கள். இங்கே பூங்காவில் ஆயிரக்கணக்கில் கூடித் தொழுதோம். யூலியாத்தி தேங்காய்ப் பால் கோழிக் குழம்பு வைத்திருந்தாள். அழுதுகொண்டே தின்றோம், காரமும் ஒரு காரணம்.

அந்தக் கூட்டத்தில் நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? கதையைப் பாதியில் விட்டுவிட்டுக் கத்தரிக்கோலைப் பிடிக்கப் போய்விட்டீர்கள். நான் சொல்வதைக் கேளுங்கள். பேச்சு வராவிட்டால் தலையை மட்டும் ஆட்டுங்கள், மேலும் கீழுமாக அல்ல, இடமும் வலமுமாக. நம் வாசலைத் தொட விடாதீர்கள். பாக் சுமாடிக்காக எனக்கும் வருத்தம்தான், வேறு ஏதாவது செய்யட்டும்.

யாரிடமாவது சொல்லி வாசலை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அம்மா பெருநாள் உடுப்பில் டைல்ஸ் மேல் நிற்க வேண்டும்.

வினார்சி


செமாராங், 19 ஆகஸ்ட்

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். பதில் தாமதமாகிவிட்டது. அம்மா நலம். எண்ணெய் வந்தது. கோழிக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்கவில்லை, அம்மா சத்தியம் செய்கிறார்.

இங்கே ஞாயிறுதோறும் மண்வேலை. கீழ்ச்சந்து முழுதும் வேலையில் இறங்கிவிட்டது. ஆண்கள் தோண்ட, பெண்கள் ஜல்லி சுமக்க, பாக் சுமாடியின் மனைவி எல்லோருக்கும் சோயாத் தெம்பே பொரித்துப் போட்டார். தோண்டத் தோண்டப் பழைய செங்கல், பல் இல்லாத சீப்பு, யாரோ எப்போதோ தொலைத்த கரண்டி. மண்ணைப் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது எங்களுக்கு. சேம்பு ஆனைக்காது அளவுக்கு வளர்ந்திருக்கிறது. கல்வாழை சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்திருக்கிறது. இபு ரெத்னோ வாரம் ஒருமுறை வந்து குச்சியை விட்டுப் பார்த்து, "இங்க இன்னும் தாழ்வா வேணும், தண்ணி மேட்டுல ஏறாது" என்று எங்களை மறுபடி தோண்டவைக்கிறார்.

சுதந்திர தினத்தன்று வழுக்குமரம் ஏறும் போட்டி நடந்தது. நம் சந்துக்குப் பரிசு இல்லை. ஆனால் வந்தவர்கள் எல்லாம் மரத்தைப் பார்க்காமல் சந்தைப் பார்த்தார்கள்.

வாசலைப் பற்றிக் கேட்டிருந்தாய். நன்றாக இருக்கிறது. தினமும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். படம் எடுக்கிறவர் ஊரில் இல்லை.

வார்டோயோ


ஹாங்காங், 16 செப்டம்பர்

அண்ணா,

இன்று யூலியாத்தி தன் போனில் ஒரு செய்திப் படம் காட்டினாள். "உங்க ஊருடி, எவ்ளோ அழகா இருக்கு பாரு" என்றாள். செம்பகச் சந்து. உங்கள் முடிதிருத்தகப் பலகை தெரிந்தது. அதன் கீழே கல்வாழை. என் நீலப் பூக்கள் இருந்த இடத்தில் கல்வாழை.

படம் எடுக்கிறவர் ஊரில் இல்லை என்று எழுதினீர்களே.

பெரியவரைத் தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது. அவர் என்னைக் கடிக்கிற நாட்களில் நான் அந்த வாசலை நினைத்துக்கொள்வேன். இது உங்களுக்குத் தெரியாது, நான் எழுதியதில்லை. சந்துக்கே கொடுக்க உங்களுக்கு மனம் இருந்தது. ஒரு வார்த்தை என்னிடம் கேட்க இல்லை.

அம்மாவுக்கு என் ஸலாம். எனக்கு எழுத வேண்டாம்.

வினார்சி


செமாராங், 7 அக்டோபர்

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கடிக்கிறார் என்பதைப் படித்துவிட்டு அம்மா இரண்டு வேளை சாப்பிடவில்லை. மருந்து போட்டாயா?

அன்றைக்குக் கூட்டத்தில் நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். பாக் குன்தோரோ, "இந்தச் சந்துலயே வழவழன்னு டைல்ஸ் போட்ட வாசல் தலைவரோடதுதான். அத உடைச்சிட்டு வாங்க, எங்க வாசல எடுத்துக்கங்க" என்றார். நான் எழுந்தேன். அது என் தங்கையுடையது, அவளைக் கேட்காமல் நான் தொட முடியாது என்று சொல்லத்தான் எழுந்தேன். "அ... அது... எ... எ..." என்று நிற்கிறேன். பின்னாலிருந்து ஒரு குரல், "'என்னால முடியாது'ங்குறாரு!" என்று முடித்து வைத்தது. கூடம் முழுதும் சிரிப்பு. இபு ரெத்னோ மட்டும் சிரிக்கவில்லை. பாக் சுமாடியின் மனைவியும் சிரிக்கவில்லை. அவர் மடியில் கைவைத்துத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்ன வயதிலிருந்து நான் தொடங்குகிற வாக்கியத்தை வேறு யாரோதான் முடிக்கிறார்கள். பெரும்பாலும் தப்பாக. அன்று அதை விட்டுவிட்டால் கடைசி வீட்டு நாற்காலிச் சவாரி இன்னும் பத்து வருஷத்துக்கு நடக்கும் என்று தோன்றியது. வெளியே வந்தேன். பக்கத்து வீட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நம் வாசலுக்கு வந்தேன். பின்னாலேயே எல்லோரும் வந்து நின்றார்கள். முதல் அடி அடித்தபோது அம்மா கதவைத் திறந்து பார்த்தார். இரண்டாவது அடிக்கு உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் துடைப்பம் இருந்தது. உடைந்த சில்லுகளை ஒதுக்கிக்கொண்டே, "அவளுக்கு எழுதாத. அங்க சாப்பிடாம கெடப்பா" என்றார். ஒரு மீட்டர் உடைத்து முடித்தேன். மறுநாள் காலை கீழ்ச்சந்தில் ஆறு வீட்டு வாசலில் கடப்பாரைச் சத்தம்.

உன்னைக் கேட்டிருக்க வேண்டும். அது உண்மை. ஆனால் அதே நாள் திரும்பி வந்தால் மறுபடியும் உடைப்பேன் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வார்டோயோ


செமாராங், 16 டிசம்பர்

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். உன் பதில் வரவில்லை. வேறு யாரிடமும் இதைச் சொல்லத் தோன்றவில்லை.

நேற்று நண்பகலில் தொடங்கிய மழை மாலைவரை விடவில்லை. கடையில் ஒரு ஆளைப் பாதித் தலையோடு உட்கார வைத்துவிட்டு வெளியே ஓடினேன். மேலிருந்து தண்ணீர் வருகிறது, காப்பி நிறத்தில், எப்போதும்போல. முதல் பள்ளத்தில் இறங்கியது. கல்வாழை எல்லாம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் அங்கே சுற்றிச் சுற்றி நின்றது, வந்த வேகத்தில் போகவில்லை. நிரம்பி அடுத்த பள்ளத்துக்கு வழிந்தது. அங்கேயும் நின்றது. நான் கூடவே நடந்தேன், ஒரு கல்யாண ஊர்வலத்தோடு நடப்பதுபோல. அந்தப் பாதித் தலைக்காரரும் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு என்னோடு வந்தார்.

கடைசி வீட்டில் துணிமணியெல்லாம் பிளாஸ்டிக் பையில் கட்டித் தயாராக இருந்தது. பிரம்பு நாற்காலி வாசலில். தூக்க நாங்கள் நான்கு பேர். தண்ணீர் அவர்கள் முதல் படியைத் தொட்டது. தொட்டுக்கொண்டே இருந்தது. இரண்டாவது படிக்கு ஏறவில்லை. பிறகு முதல் படியும் தெரிந்தது.

பாக் சுமாடி கண்ணைத் திறந்து, "என்ன தலைவரே, இன்னிக்குச் சவாரி இல்லையா?" என்றார். "இ... இல்ல" என்றேன். "அப்ப ஏன் மழையில நிக்கிறீங்க? உள்ள வாங்க. என் வீடுதானே" என்றார். மழைநாளில் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து காப்பி குடித்தது இதுவே முதல் தடவை. அவர் மனைவி சர்க்கரை போட மறந்துவிட்டார். யாரும் கேட்கவில்லை.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, வினார்சி. இதை எழுத வெட்கப்படவில்லை.

ஆனால் இபு ரெத்னோ என்னை அதிகம் பறக்க விடவில்லை. "இது நடுத்தர மழைதான். ஜனவரி மழை வேற. மேல்சந்து இடம் விடாம கீழ்ச்சந்து மட்டும் தாங்காது" என்கிறார். பாக் குன்தோரோவும் மேல்சந்து வீடுகளும் இன்னும் அசையவில்லை. "உங்க வீட்டுல மீதி டைல்ஸ் அப்படியேதான இருக்கு" என்று இப்போது புதிதாகப் பிடித்திருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
வார்டோயோ


ஹாங்காங், 6 ஜனவரி

அன்புள்ள அண்ணா,

வ அலைக்கும் ஸலாம். நலம். பெரியவர் இப்போது கடிப்பதில்லை, பல்செட்டை நான் ஒளித்து வைத்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் டிசம்பர்க் கடிதத்தைப் பிரிக்காமல் இரண்டு வாரம் பையில் வைத்திருந்தேன். யூலியாத்திதான் பிடுங்கிப் பிரித்தாள். டெமாக்கில் அவள் அம்மா வீட்டில் தண்ணீர் வந்து கட்டில்மேல் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் உரக்கப் படிக்கப் படிக்கச் சுற்றி ஆள் கூடிவிட்டது. ஊருக்கு ஒருத்தியாக இருபது பேராவது இருப்போம். பாக் சுமாடி உள்ளே கூப்பிட்ட இடத்தையும் படித்து முடித்தாள். பிறகு கெண்டாலிலிருந்து வந்த ஒருத்தி, "யாரு இந்தத் தலைவர்?" என்று கேட்டாள். "என் அண்ணன்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் உங்களோடு கோபம் என்பது நினைவுக்கு வந்தது.

கோபம் இன்னும் இருக்கிறது. நான் உழைத்துப் போட்டதை நான்தான் உடைக்கச் சொல்ல வேண்டும். ஊருக்கு வந்து அதற்காகச் சண்டை போடுவேன், தயாராக இருங்கள்.

ஆனால் ஒன்று யோசித்தேன். அந்த டைல்ஸை நான் நமக்காகப் போடவில்லை. சிரித்துவிட்டுப் போனவர்கள் எப்போதாவது அந்த வழியாக வந்தால் பார்க்கட்டும் என்று போட்டேன். அவர்கள் வரவேயில்லை. இப்போது யார் யாரோ வந்து நம் வாசலைப் படம் எடுத்துப் போகிறார்கள்.

தனித்தாளில் மேல்சந்துக்காரர்களுக்கு எழுதியிருக்கிறேன். கூட்டத்தில் படியுங்கள். நீங்களே படிக்க வேண்டும்.

வினார்சி


செமாராங், 27 ஜனவரி

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். அம்மா நலம். பல்செட்டுக் கதையை அவர் சந்து முழுதும் சொல்லிவிட்டார்.

போன ஞாயிறு பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம். மேல்சந்து, கீழ்ச்சந்து எல்லோரும் வந்தார்கள். உன் தாளைப் பிரித்தேன். "மே... மே... மேல்சந்து" என்பதிலேயே மாட்டிக்கொண்டேன். பாக் குன்தோரோ கையை நீட்டி, "குடுங்க, நான் படிக்கிறேன்" என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். அம்மா பின்வரிசையிலிருந்து, "அவன் படிப்பான். நீங்க உக்காருங்க" என்றார். அவர் உட்கார்ந்தார்.

படித்தேன். "மேல்சந்துப் பெரியவர்களுக்கு ஸலாம். அந்த நீல டைல்ஸ் என் அண்ணனுடையதல்ல, என்னுடையது. அதற்காக நான் அடுத்தவர் வீட்டில் ராப்பகலாக வேலை செய்தேன். அதில் ஒரு மீட்டர் போய்விட்டது. மீதியையும் தருகிறேன். எனக்கு வாசல் வழவழவென்று இருப்பதைவிட, பாக் சுமாடி தன் வீட்டில் கண்ணைத் திறந்து உட்கார்ந்திருப்பது பெருமை. உங்களிடம் ஒரு மீட்டர்தான் கேட்கிறோம்." இதைப் படிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. வெளியே தூறல் போட ஆரம்பித்தது. காயவைத்த துணியை எடுக்கக்கூட ஒருவரும் எழவில்லை. ஒருவரும் என் வாக்கியத்தை முடித்து வைக்கவில்லை.

பாக் குன்தோரோ மீசையைத் தடவினார். பிறகு, "என் காரு எங்க நிக்கும்?" என்றார். "ஓட்டைக் கல்லு மேல நிக்கலாம், புல்லு ஒண்ணும் சொல்லாது" என்றார் இபு ரெத்னோ. "சரி. வெள்ளிக்கெழம தொழுகை முடிஞ்சு வாங்க. கேட்டத் தொறந்து வைக்கிறேன்."

வெள்ளிக்கிழமை கேட் திறந்திருந்தது. கடப்பாரையை அவரே கொண்டுவந்து என்னிடம் நீட்டி, "தலைவர் கையால மொத அடி" என்றார். நான் வாங்கவில்லை. "உ... உங்க வாசல். நீங்கதான்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓங்கி அடித்தார். சிமென்ட் பிளந்தது. கூட்டம் கைதட்டியது. மூச்சு வாங்கச் சிரித்தார்.

நேற்றுவரை மேல்சந்தில் எட்டு வாசல் திறந்தாகிவிட்டது. இபு ரெத்னோ அடுத்த மாதம் வேறு ஊர்ச் சந்துத் தலைவர்களை இங்கே அழைத்து வருகிறாராம். அவர்களோடு நான்தான் பேச வேண்டுமாம். பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு அவசரம் இருக்காது.

உன் மீதி டைல்ஸை நான் தொடவில்லை. பாக் குன்தோரோ கேட்டார், இபு ரெத்னோவும் கேட்டார், ஆகாது என்றேன். அது உன்னுடையது. முதலில் வெறுங்காலோடு அதன்மேல் நடந்து பார். பிறகு நீயே உடை. சண்டையை அதற்கு முன்னால் வைத்துக்கொள்வதா பின்னால் வைத்துக்கொள்வதா என்பதையும் நீயே முடிவு செய். அம்மா இப்போதே எல்லோரிடமும் சொல்லிவிட்டார், "எம்பொண்ணு வந்துதான் உடைப்பா" என்று.

வஸ்ஸலாம்.
உன் அண்ணன்,
வார்டோயோ
செம்பகச் சந்துத் தலைவன்